அக்கா கேட்ட ரிவ்யூ

நாங்கள் கொல்கத்தா நியூ டவுனில் குடியேறிய காலத்தில், எங்கள் அடுக்ககத்தில் விற்ற வீடுகளைவிட விற்காத வீடுகளே அதிகம். மாலையானால் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் ஜன்னல்களில் விளக்கு தெரியும். மூன்றாவது கட்டடத்தில் அதுவும் இல்லை. கட்டி முடித்த பிறகும் யாரும் குடிவராமல் பூட்டிக் கிடந்தது. மதில் சுவருக்கு அந்தப் பக்கம் நாணல் புதர். பொழுது சாய்ந்ததும் அதற்குள்ளிருந்து நரி ஊளையிடும். அப்பா திருநெல்வேலியிலிருந்து மாற்றலாகி வந்த வங்கி அதிகாரி. ஊருக்கு போன் செய்யும்போதெல்லாம் ஏர்போர்ட் பக்கம், ஐ.டி. கம்பெனி பக்கம் என்று பெருமையாகச் சொல்வார். நரி பக்கம் என்பதை மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை.

குளிர்காலம் முழுக்க அந்தக் காலிக் கட்டடத்தின் முன்னால் கிரிக்கெட் நடக்கும். டேப் சுற்றிய டென்னிஸ் பந்து, முதுகு உடைந்த பிளாஸ்டிக் நாற்காலிதான் ஸ்டம்ப். எங்கள் கட்டடத்துப் பிள்ளைகள் ஒரு அணி, எதிர்க் கட்டடத்துப் பையன்கள் இன்னொரு அணி. பேட்டிங் செய்யும் அணியிலிருந்துதான் ஒருவன் அம்பயராக நிற்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். தன் அணிக்காரனுக்குத் தானே அவுட் கொடுக்கும் அளவுக்கு உத்தமன் எவனும் எங்கள் அடுக்ககத்தில் பிறக்கவில்லை. எனவே ஆட்டத்தைவிடச் சண்டை நீளமாக இருந்தது.

இதற்கு முடிவு கட்டியவர் எங்கள் மேல்வீட்டில் இருந்த கல்லூரி மாணவர். வங்காளத்தில் அண்ணனைக் கூப்பிடுவதுபோல எல்லோரும் அவரை தாதா என்போம். அவருக்குப் புதிதாக ஒரு போன் கிடைத்திருந்தது. நாற்காலிக்குப் பின்னால் எப்போதும் உறை போட்டு நிற்கும் ஒரு பழைய காரின் முன்மூடியில் அதைச் சாய்த்து வைத்து, ஆட்டத்தைப் படம் பிடித்தார். சந்தேகம் வந்தால் டி.வி.யில் காட்டுவதுபோல மெதுவாக ஓட்டிப் பார்த்துத் தீர்ப்பு சொல்வார். மெதுவாக ஓட்டினால் சத்தம் பேய் முனகுவதுபோல இழுபடும் என்பதால் சத்தத்தை நிறுத்திவிடுவார். பேட்டரி தாங்காது என்று ஓர் அணிக்கு ஒரே ஒரு ரிவ்யூ. சரியாகக் கேட்டால் அது கையில் இருக்கும், தவறினால் போய்விடும்.

ஒன்றே ஒன்று என்றதும் அதைக் கேட்பது யார் என்ற பிரச்சினை வந்தது. பந்து போடுகிறவனை நம்ப முடியாது, அவன் கையைவிட்டுப் போகிற ஒவ்வொரு பந்தும் அவனுக்கு விக்கெட்டுதான். பேட் பிடிக்கிறவனையும் நம்ப முடியாது, அவன் பிறந்ததிலிருந்தே அவுட் ஆனதில்லை. கேப்டன் அந்த உரிமையைத் தானே வைத்துக்கொண்டு முதல் ஓவரிலேயே தொலைத்துவிட்டு, அணியின் முகத்தைப் பார்க்காமல் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருப்பான். கடைசியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கூடி, பெரிய மனிதர்கள் மாதிரி விவாதித்து, கீப்பர்தான் கேட்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். பந்துக்கு நேராக நிற்பது கீப்பர் மட்டும்தானே.

கீப்பர் என் அக்கா. அவளுக்குப் பதின்மூன்று வயது இருக்கும், எனக்கு எட்டு. வேறெங்கே நிறுத்தினாலும் அவள் உருப்படாததால்தான் கீப்பர் ஆனாள். பவுண்டரியில் நிறுத்தினால் பக்கவாட்டில் உருண்டு போகும் பந்தைக் கண்டுகொள்ளாமல் நிற்பாள். ஒருமுறை பின்னால் ஓடி, நின்றிருந்த ஸ்கூட்டர்மேல் விழுந்து முழங்கையைக் கிழித்துக்கொண்டாள். "கண்ணு என்ன பொடதிலயா இருக்கு?" என்று அம்மா திட்டிக்கொண்டே மருந்து போட்டாள். கீப்பிங் வந்தபிறகு அக்காவின் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அப்பாவை நச்சரித்து கரியாஹாட் நடைபாதைக் கடையில் ஒரு ஜோடி கிளவுஸ் வாங்கி, தலைமாட்டில் வைத்துத் தூங்கினாள்.

அவள் ரிவ்யூ கேட்ட முதல் தடவை எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. வெயில் போய் வானம் சாம்பல் நிறமான நேரம். பந்து பேட்டைத் தாண்டி அவள் கைக்குள் வந்து விழுந்தது. யாரும் கத்தவில்லை. பந்து போட்டவனே தலையைச் சொறிந்துகொண்டு திரும்பிவிட்டான். அக்கா மட்டும் இரண்டு கைகளாலும் ரிவ்யூ சைகை காட்டினாள். அப்போது அவள் பேட்டையோ பந்தையோ பார்க்கவில்லை. முகத்தைச் சற்றுச் சாய்த்து, காலிக் கட்டடத்தின் இருண்ட ஜன்னல்களைப் பார்ப்பதுபோல நின்றாள். தாதா படத்தை ஓட்டினார். பேட்டின் விளிம்பில் பந்து மயிரிழை திரும்பியிருந்தது.

அதன்பிறகு அவள் சொன்னது தப்பவே இல்லை. பந்து போட்டவன் மண்டியிட்டுக் கத்தினாலும், இல்லை என்று தலையாட்டிவிட்டுப் பந்தைத் திருப்பி எறிவாள். ஆட்டம் முடிந்து தாதா போட்டுப் பார்த்தால் இல்லைதான். முதலில் எங்கள் அணிக்குக் கொண்டாட்டமாக இருந்தது. பிறகு கொண்டாட்டம் மெல்ல அடங்கியது. எப்போதாவது ஒருமுறை தவறாகச் சொல்லித் தொலைத்திருந்தால் அவளைத் தோளில் தூக்கி வைத்திருப்பார்கள். தவறே செய்யாததுதான் அவள் செய்த தவறு.

எதிர்க் கட்டடத்துப் பையன்கள் ஒரு கதையைக் கிளப்பினார்கள். காலிக் கட்டடம் எழும்பும்போது சாரத்திலிருந்து விழுந்து ஒரு கொத்தனார் செத்துப்போனானாம், அவன்தான் ஜன்னலில் நின்று அவளுக்குச் சொல்லிக்கொடுக்கிறானாம். அப்படி யாரும் செத்ததாகப் பெரியவர்கள் எவருக்கும் தெரியாது. ஆனாலும் ஒருநாள் போனபோது எங்கள் பிளாஸ்டிக் நாற்காலியின் கையில் எலுமிச்சையும் பச்சை மிளகாயும் கோத்துத் தொங்கிக்கொண்டிருந்தன. அக்காவை டாயினி என்றார்கள். சூனியக்காரி என்பதற்கு வங்காளத்தில் அதுதான் சொல். நான் வரிந்துகட்டிக்கொண்டு சண்டைக்குப் போனேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கும் உதறல்தான், ஏனென்றால் வீட்டில் நடந்தது எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஒருநாள் சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. அம்மா சமையலறையில் மெழுகுவர்த்தி தேடிக்கொண்டிருந்தாள். நான் அறையிலிருந்து வெளியே வந்தபோது நடுவழியில் அக்கா நின்றாள். நட்டுவைத்த கம்பம்போல அசையாமல் நின்றாள். பால்கனிப் பக்கத்திலிருந்து கொஞ்சம் வெளிச்சம் வந்துகொண்டுதான் இருந்தது, அவள் மூக்குக்கூட எனக்குத் தெரிந்தது. கண்கள் அகலத் திறந்திருந்தன. நான் அவள் முன்னால் போய், வாயை மூடிக்கொண்டு நின்று பார்த்தேன். என் முகத்துக்கு நேராகப் பார்த்துக்கொண்டே அவள் கேட்டாள்.

"யாரு?"

நான் கத்தியதில் அம்மா மெழுகுவர்த்தியைக் கீழே போட்டுவிட்டாள். அக்கா சட்டென்று சிரித்து, விளையாட்டுக்குச் செய்தேன் என்றாள். அன்று இரவு நான் அம்மா பக்கத்தில் படுத்துக்கொண்டேன். என் அக்காவின் கண்ணுக்குள்ளிருந்து வேறு யாரோ என்னைப் பார்த்ததாகவே நம்பினேன். இதில் இன்னொரு விசித்திரம், அந்தச் சூனியக்காரிக்கே இருட்டென்றால் ஆகாது. பொழுது சாயுமுன் வீட்டில் இருக்கிற விளக்கையெல்லாம் போட்டுவிட்டு, கரண்ட் பில்லுக்காகத் திட்டு வாங்குவாள்.

பள்ளி விடுமுறையின் கடைசி நாள் எதிர்க் கட்டடத்தோடு பெரிய ஆட்டம். அதற்கு முன்பே கேப்டனின் அம்மா, அந்தப் பெண்ணோடு சேர வேண்டாம் என்று அவனிடம் சொல்லியிருந்தாள். அவன் அக்காவிடம் வந்து, தரையைப் பார்த்துக்கொண்டே நிபந்தனை போட்டான். இன்றைக்கு அவள் ரிவ்யூ கேட்கலாம், தவறாகப் போனால் கிளவுஸைக் கழற்றிக் கொடுத்துவிட்டு பவுண்டரிக்குப் போய்விட வேண்டும். சரியாகச் சொன்னால் டாயினி, தவறாகச் சொன்னால் பவுண்டரி. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. விளையாட வேண்டாம், வீட்டுக்குப் போகலாம் வா என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

"சும்மா இருட்டி. என்ன வேணா சொல்லிட்டுப் போறானுவ. பவுண்டரில மட்டும் என்னால நிக்க முடியாது" என்றாள். டாயினி என்பதைவிடப் பவுண்டரிக்கு அவள் ஏன் அப்படிப் பயந்தாள் என்பது எனக்கு விளங்கவில்லை.

ஆட்டம் பாதியைத் தாண்டும்போதே பனி இறங்கிவிட்டது. நியூ டவுன் பனி மேலிருந்து வருவதில்லை, நாணல் புதருக்குள்ளிருந்து தரையோடு தவழ்ந்து வரும். முதலில் மதில் சுவர் காணாமல் போனது. பிறகு காலிக் கட்டடத்தின் கீழ்மாடிகள் போய், மேல்மாடிகள் மட்டும் அந்தரத்தில் நின்றன. எனக்குப் பக்கத்தில் நின்றவன் குரலாக மட்டும் இருந்தான். நிறுத்திவிடலாம் என்றார் தாதா. கடைசி ஓவர் என்பதால் யாரும் கேட்கவில்லை. அவர்களுக்குக் கடைசி விக்கெட், ஜெயிக்க இரண்டு ரன் வேண்டும்.

பந்து போட ஓடிவந்தவனை நான் பார்க்கவில்லை, செருப்புச் சத்தம்தான் கேட்டது. பேட் வீசிய காற்று கேட்டது. பிறகு எதுவுமே இல்லை. அக்கா பந்தை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு நிற்பது மங்கலாகத் தெரிந்தது. பேட்டில் படவே இல்லை, நாட் அவுட் என்று அவர்கள் அம்பயர் பனிக்குள்ளிருந்து கத்தினான். எங்கள் பந்துவீச்சாளனும் ஆமாம் என்றான். அக்கா ரிவ்யூ கேட்டாள்.

எல்லோரும் காரைச் சுற்றிக் கூடினோம். தாதா படத்தை ஓட்டினார். திரை முழுக்க வெள்ளை. மெதுவாக ஓட்டினார், அப்போதும் வெள்ளைதான். அதற்குள் கேப்டன் கிளவுஸுக்குக் கையை நீட்டிவிட்டான். அக்கா அவற்றைக் கழற்றவில்லை. தாதாவைப் பார்த்து, சத்தத்தை வையுங்கள் என்று வங்காளத்தில் மெதுவாகச் சொன்னாள். அதுவரை யாருக்கும் அது தோன்றியதில்லை.

மெதுவாக ஓட்டாமல், முழுச் சத்தத்தோடு வைத்தார். வெள்ளைத் திரைக்குள்ளிருந்து முதலில் நரி ஊளையிட்டது. பிறகு ஒரு குரல், போனுக்கு மிக அருகில், மூச்சுமாதிரி.

"வாரான்... வாரான்... விட்டான்."

அடுத்த கணம் காய்ந்த குச்சி ஒடிவதுபோல மெல்லிய ஒரு சத்தம். அதற்குப் பின்னால் பந்து நெஞ்சில் மோதும் சத்தம். பேட்டில் பட்டிருக்கிறது, அவுட். நாங்கள் ஜெயித்துவிட்டோம். ஆனால் ஒருவரும் கத்தவில்லை. தாதா படத்தைப் பின்னுக்கு ஓட்டி முந்தைய பந்தைப் போட்டார். அங்கேயும் வாரான், வாரான், விட்டான். அதற்கு முந்தைய பந்திலும் அதேதான். பந்துக்குப் பந்து, கிளவுஸுக்குப் பின்னால் வாயை வைத்து, யாருக்கும் தெரியாமல் அவள் அதைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். மந்திரமா என்று கேப்டன் என்னிடம் கேட்டான். எங்கள் இருவரையும் தவிர அங்கே தமிழ் தெரிந்தவர்கள் இல்லை. மந்திரமெல்லாம் இல்லை என்று நிரூபித்துவிடும் வேகத்தில், "ஆஷ்சே, ஆஷ்சே" என்று நான் வங்காளத்தில் சொல்லிக் காட்டினேன். வருகிறான், வருகிறான், விட்டுவிட்டான். அவர்கள் தலைகள் ஒன்றுபோலத் திரும்பி, பனியில் மிதந்துகொண்டிருந்த காலிக் கட்டடத்தைப் பார்த்தன. யார் வருகிறான் என்று ஒருவரும் கேட்கவில்லை. தாதா போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் நாங்கள் இருவரும் நாற்காலியும்தான் அங்கே இருந்தோம்.

"ஏட்டி, எங்க இருக்க?" என்றாள் அக்கா. நான் அவள் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

"இங்கதான் நிக்கேன்."

"பயமா இருக்கா? என் கையப் பிடிச்சுக்கோ. நீ முன்னால நட. படி வந்தா சொல்லணும், என்னா?"

மாலையில் திரும்பும்போதெல்லாம் அவள் சொல்வதுதான் அது. படி வந்தால் சொல்வதும், பள்ளம் வந்தால் சொல்வதும் என் பயத்தைப் போக்க அவள் கண்டுபிடித்த விளையாட்டு என்று நினைத்திருந்தேன். உண்மையில் அன்று எனக்குப் பனியைவிட அந்தக் கையைக் கண்டுதான் பயம். ஆனாலும் கொடுத்தேன், அவள் என் அக்கா அல்லவா. கிளவுஸுக்குள் வேர்த்து, கை ஈரமாகவும் சில்லென்றும் இருந்தது. படி, படி, படி என்று சொல்லிக்கொண்டே ஏறினேன்.

மறுநாளிலிருந்து எங்கள் வீட்டுக் காலிங் பெல்லை யாரும் அழுத்தவில்லை. அக்கா சில நாட்கள் கிளவுஸைப் போட்டுக்கொண்டு பால்கனியில் நின்று, கீழே ஆட்டம் நடக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அதையும் விட்டுவிட்டாள்.

கோடை விடுமுறையில் ஊருக்குப் போனபோது, பட்டப்பகலில் வாசல் நிலையில் அவள் இடித்துக்கொண்டதைப் பார்த்து அத்தை பிடிவாதமாகக் கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். அக்காவுக்கு நேரே இருப்பது மட்டும், குழாய் வழியாகப் பார்ப்பதுபோலத் தெரிகிறது என்றார் டாக்டர். பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது, வெளிச்சம் மங்கினால் எதுவுமே தெரியாது, இனி அந்தக் குழாயும் மெல்லச் சுருங்கும். எவ்வளவு நாளாக இப்படி என்று அவர் கேட்டதற்கு, ரொம்ப நாளாக என்றாள் அக்கா. ஏன் சொல்லவில்லை என்று அம்மா அவளை உலுக்கி அழுதாள். சொன்னால் விளையாட விட மாட்டீர்களே என்றாள் அவள்.

இப்போது அக்கா சென்னையில் வேலை பார்க்கிறாள். மடக்குக் கோலைத் தட்டிக்கொண்டு தனியாக ரயில் ஏறி இறங்குகிறாள், என்னைவிட வேகமாக நடக்கிறாள். டி.வி.யில் கிரிக்கெட் ஓடினால், ரீப்ளே வருமுன்னே, சத்தத்தை வைத்தே பட்டுச்சு என்பாள். பட்டிருக்கும்.

அன்று டாக்டர் அறையில், என்ன நடக்கிறதென்று புரியாமல் நான் ஸ்டூலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தேன். எல்லோரும் அழுவதைப் பார்த்து எனக்கும் அழுகை வந்தது. அக்கா காற்றில் துழாவி என் கையைப் பிடித்து, பயப்படாதே என்றாள். அந்தக் குளிர்காலம் முழுக்க என் விரல்கள் வலிக்கும்படி அவள் அழுத்திப் பிடித்ததெல்லாம் என் பயத்துக்காகத்தான் என்றே அப்போதும் நினைத்தேன்.