அசையாதீங்க

ஏரிக்கரை ஊரான தோணிரேவிலிருந்து எங்கள் ஸ்கேன் ஆராய்ச்சி மையத்துக்கு வந்த அந்த அம்மாவின் பெயர் மறந்துவிட்டது. ஏரித் தண்ணீரில் கையால் துழாவி இறால் பிடிப்பவர். பிடித்த இறாலைப் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொள்வாராம். அந்தப் பழக்கத்தில், பேசும்போதும் பல்லைத் திறக்க மாட்டார். சேற்றில் துழாவும் விரல்களை மூளை எப்படி அறிகிறது என்று பார்க்கத்தான் அழைத்திருந்தோம்.

"அசையாதீங்க" என்று சொல்லி எம்.ஆர்.ஐ. மெஷினுக்குள் அனுப்பினேன். முக்கால் மணி நேரம் அசையவே இல்லை.

வெளியே வந்ததும், "என் படத்த குடு நைனா" என்றார்.

"தர முடியாதும்மா. மையத்தோட விதி."

"ஏரிக்கு வர்றவன்லாம் எங்கள போட்டோ புடிச்சினு போறான். ஒருத்தனும் ஒண்ணு குடுத்ததில்ல. நீ தலைக்குள்ளயே பூந்து புடிச்சிட்ட. நீயும் குடுக்க மாட்ட, இல்ல?"

நான் மறுபடியும் விதியைச் சொன்னேன். அவர் பையிலிருந்து போனை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"அசையாத."

நான் அசையவில்லை. எடுத்து முடித்ததும், "காட்டுங்கம்மா" என்றேன்.

"முடியாது. எங்க ஏரியோட விதி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதன்பிறகு எத்தனையோ பேர் தலைக்குள் பார்த்துவிட்டேன். அந்தப் படத்தில் என் மூஞ்சி எப்படி இருக்கிறது என்று மட்டும் இன்றுவரை தெரியாது.