அடைத்த பொட்டு

பொன்மலர் மிஸ் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் வேலியைத்தான் பார்ப்பார். வட்டுக்கோட்டைப் பக்கத்துக் குடும்பநல உத்தியோகத்தர் அவர். பிள்ளை பெற்ற வீடுகளுக்கு ஸ்கூட்டியில் போய்வருவது வேலை. பிள்ளையை நிறுக்கத் தராசு, வீட்டை நிறுக்க வேலி என்பார். கொஞ்சம் பெரிய கதைதான். ஆனாலும் அவரோடு வேலை செய்த எனக்கு அந்தப் பெரிய கதைகள் பிடிக்கும்.

அண்மையில் பிள்ளை பெற்ற தர்சிகா வீட்டில் அவர் கணக்குப் பிழைத்தது. பக்கத்து வளவுக்குப் போய்வர வேலியில் விட்டிருந்த சின்ன இடைவெளியை, பொட்டைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். வேலிச் சண்டை இல்லாத ஊரா நம்முடையது? அப்படித்தான் நினைத்து, பிள்ளையை நிறுத்துவிட்டு வந்துவிட்டார். பிறகுதான் பக்கத்து வீட்டுச் செல்வநாயகி தெருவில் மறித்தாள்.

"எங்களோடை ஒரு கோபமும் இல்லை மிஸ். தர்சிகாவின்ரை மனுசன் றஜிந்தன்தான் அடைச்சவன். பிள்ளை அழுகிறது கேட்கும், பிறகு உவன் கத்திறது கேட்கும். ஓடிப்போய்ப் பார்க்க வழியில்லை."

பொன்மலர் மிஸ் தன்னையே திட்டிக்கொண்டார். மேசன் வேலைக்குப் போகும் றஜிந்தன் ஞாயிறில்தான் வீட்டில் நிற்பான் என்பதால், ஆராதனையை விட்டுவிட்டுப் போனார். முதலில் தர்சிகாவைக் கிணற்றடியில் தனியாகக் கேட்டார். தன்மேல் கை வைக்கவில்லை, ஆனால் அழுத பிள்ளையை ஒருநாள் தூக்கி உலுக்கப் போனான், இனி என்ன நடக்குமோ என்று பயமாக இருக்கிறது என்று அவள் அழுதாள்.

பிறகு றஜிந்தனைக் கூப்பிட்டுக் கேட்டார். "நித்திரையில்லை மிஸ். அழ அழ மண்டை விறைக்குது. நான் கத்திறது சனத்துக்குக் கேட்குதெண்டுதான் அடைச்சனான்."

"உலுக்கினால் பிள்ளை செத்தும் போகும், தம்பி. கோபம் வந்தால் பாயிலை கிடத்திப்போட்டு வெளியிலை போம். இல்லாட்டிச் செல்வநாயகியிட்டைக் குடும். பொட்டைத் திறவும்."

"சனம் சிரிக்கும்."

"சிரிக்கட்டும்."

அதன்பின் அவர் அடிக்கடி அங்கே போனார். தகரம் அசையவில்லை.

ஒருநாள் போனபோது தகரம் கிணற்றடியில் கிடந்தது. பொட்டுக்குள்ளால் செல்வநாயகி எட்டிப் பார்த்தாள்.

"நேற்றுப் பின்னேரம் பிள்ளையைக் கொண்டுவந்து தந்தவன், மிஸ். கொஞ்சம் வைச்சிருங்கோ அக்கா எண்டான். தேத்தண்ணி குடுத்தன். அழுதுபோட்டுக் குடிச்சவன்."

"ஆரும் சிரிச்சதோ?"

"என்னத்துக்குச் சிரிக்கிறது?"

பொன்மலர் மிஸ் அன்று வாசல் படலையால் போகவில்லை, பொட்டுக்குள்ளால் நுழைந்துதான் செல்வநாயகி வளவுக்குப் போனார். அவரது உடம்புக்கு அந்தப் பொட்டின் அகலம் காணாது. வேலிக் கம்பியில் சீருடை கிழிந்தது. கிழிசலைக் கந்தோரில் எங்களோடு வேலை செய்யும் எல்லோருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தார்.