எல்லாவற்றையும் மறந்துவிடு என்றேன்

நான் கொடுத்தது ஒரே ஒரு கட்டளை. அது உடனே கீழ்ப்படிந்தது. அதிர்ச்சி பிறகுதான் வந்தது. இன்னும் அது முழுதாகப் போகவில்லை.

மலைக்கிராமமான கொட்டச்சேட்டுக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு வீடும் சின்னக் காப்பித் தோட்டமும் இருக்கின்றன. வேலையில் இருந்த காலமெல்லாம் இந்த மலையில் ஓர் எஸ்டேட்டுக்கு நான் மேனேஜர். கணக்கெழுதும் ரைட்டர் நீட்டுகிற தாளில் படிக்காமலே கையெழுத்துப் போடுவேன். தவறு இருந்தால் அவரே, "ஏனுங்க, இதுல கீழ்க்காட்டு ஆளுங்க வேலையும் சேந்து போயிருமே, ஒருக்கா பாத்தர்லாங்களா?" என்று இழுப்பார். அந்த இழுப்பை நம்பியே என் உத்தியோகம் ஓடியது.

போன வருஷம் என் மனைவிக்கு மூளையில் ரத்தக்கட்டு. சேலம் ஆஸ்பத்திரியில் உயிரும் கைகால்களும் தப்பின. பேச்சு மட்டும் உடைந்துபோயிற்று. அவளுக்கு எல்லாம் புரியும். சொல்ல வாயெடுத்தால் சொல் வராது. பாதியில் நின்று தேடுவாள். தினமும் பேசிப் பழக வேண்டும், வீட்டில் யாராவது பொறுமையாக உட்கார்ந்து கேட்க வேண்டும் என்றார் டாக்டர். வீட்டில் இருந்தது நான் ஒருவன்தான். அவள் தேடுகிற சொல்லை நானே சொல்லி முடித்துவிட்டு எழுந்துபோவேன்.

பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள், எங்கள் இருவர் போனிலும் ஓர் ஏஐ உதவியாளரைப் போட்டுக் கொடுத்தாள். இரண்டு போனுக்கும் ஒரே கணக்கு.

"நினைவுல வையின்னா வெச்சுக்குமுங்கப்பா. மறந்துடுன்னா மறந்துரும். ஆனா இவ்வளவுதான் பேசலாம்னு ஒரு அளவு இருக்குது. தீந்துபோச்சுன்னா கொஞ்ச நேரம் காத்திருக்கோணும்."

சொன்னபடி கேட்கும் என்றதும் எனக்குப் பிடித்துப்போயிற்று. முதலில் கடிதங்கள் எழுதச் சொன்னேன். காப்பிச் செடியைத் துளைக்கும் வண்டைப் பற்றி அதனோடு சண்டை போட்டேன். பிறகு மெல்ல மெல்ல, எவரிடமும் சொல்லாததைச் சொல்ல ஆரம்பித்தேன். என் மனைவி ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் எனக்குப் பைத்தியம் பிடிக்கிறது என்று எழுதினேன். விருந்தாளிகள் வந்தால் அவள் பேசுவது வெட்கமாக இருக்கிறது என்று எழுதினேன். அது இதமாகப் பதில் சொல்லும். மனைவியிடம் நேராகப் பேசிப் பாருங்கள் என்றும் சொல்லும். அந்த வரியை மட்டும் படிக்காமல் தாண்டிவிடுவேன். அளவு தீர்ந்துவிட்டது என்று காட்டும்வரை போனைக் கீழே வைக்கமாட்டேன்.

மத்தியானத்தில் அவள் சமையலறை ஜன்னலருகே தன் போனோடு நிற்பாள். சிக்னல் அங்கேதான் நன்றாகக் கிடைக்கும்.

"ஏனுங்க... தீ... தீத்துப்போட்டீங்களா?"

"சமையல் குறிப்புதானே அம்மிணி, சாயங்காலம் பாத்துக்க."

அது சமையல் குறிப்பு இல்லை என்று சொல்ல அவளுக்கு நேரம் வேண்டியிருந்தது. நான் அதற்குள் நகர்ந்துவிடுவேன்.

ஒருநாள் மண்சரிந்த சாலையைப் பற்றி ஊராட்சிக்கு ஒரு மனு எழுதச் சொன்னேன். மனுவின் அடியில், 'நேற்று மிளகு என்ற சொல் கடினமாக இருந்ததே, இன்று மறுபடி முயல்வோமா?' என்று கேட்டது. உளறாதே என்றேன். மன்னிப்புக் கேட்டுக்கொண்டது.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை இரவு மகள் போன் செய்தாள். "நாளைக்கு வர்றேனுங்கப்பா. மத்தியானமானா அளவு தீந்து கெடக்குதுன்னு அம்மா நொம்ப வருத்தப்படறாங்க. எதுக்கு இத்தன செலவாகுதுன்னு உள்ள பாக்கறேன்."

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நான் எழுதியதையெல்லாம் என் மகள் படிப்பாள். உடனே போனை எடுத்து எல்லாவற்றையும் மறந்துவிடு என்றேன். எங்கே அழிப்பது என்று அது வழிகாட்டியது. சேமித்த நினைவையும் பழைய உரையாடல்களையும் அழிக்கும் இடத்துக்குப் போனேன். ஏதோ நீளமாக எச்சரிக்கை வந்தது. ரைட்டர் இழுப்பாரே, அதே இழுப்புதான் அது. படிக்காமல் 'ஆம்' என்பதை அமுக்கினேன்.

சனிக்கிழமை மகள் வந்து உட்கார்ந்ததும் என் மனைவி தன் போனைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். என்னையும் உட்காரச் சொல்லிக் கைகாட்டினாள்.

"கண்ணு... பாரு." பிறகு போனைப் பார்த்து, "நேத்து... விட்ட... எடத்துல இருந்து," என்றாள்.

"வணக்கம். நாம் முன்பு பேசியது எதுவும் என்னிடம் இல்லை. எதிலிருந்து தொடங்கலாம்?" என்றது அது.

அவள் மறுபடி சொன்னாள். அதே பதில். மகள் போனை வாங்கித் துழாவினாள். "ஒண்ணுமே இல்லீங்களேம்மா!" என்றாள். என் பக்கம் திரும்பினாள்.

"தெனமும் அம்மா இதுகூடப் பேசிப் பழகறாங்கப்பா. எந்தச் சொல்லு வருது, எது வரலைன்னு அது நினைவுல வெச்சு, அடுத்த நாள் வராததை மட்டும் கேக்கும். மாசக்கணக்கா பழகினாங்க. ஒரு நாளைக்கு உங்ககிட்ட நிறுத்தாம பேசிக் காட்டோணும்னுதான் உங்களுக்குச் சொல்லலை."

மனுவின் அடியில் வந்த வரி நினைவுக்கு வந்தது. மிளகு. அது உளறவில்லை.

"ஏதாவது அப்டேட்ல போயிருக்கும்," என்றாள் மகள். நான் தலையாட்டத்தான் போனேன்.

அப்போது என் மனைவி தன் விரலைத் தூக்கிப் பார்த்தாள். "நான்தான்... எதையோ... அமுக்கிப்... போட்டனாட்டம்... இருக்குது."

அதைக் கேட்டுக்கொண்டு என்னால் உட்கார முடியவில்லை. "நீ இல்லை. நான்தான் அழிச்சேன்," என்றேன். ஏன் அழித்தேன் என்பதையும், என்ன எழுதியிருந்தேன் என்பதையும் ஒன்று விடாமல் சொன்னேன். மகள் எழுந்து வெளியே போய்விட்டாள்.

என் மனைவி என் பக்கம் திரும்பினாள். "வெ... வெக்கமா... இருந்துச்சா?"

"ஆமாம்."

"எனக்குந்தான்," என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு முடித்தாள். "உங்கள... நெனச்சு."

மகள் ஞாயிறு முழுக்க முயன்று பார்த்தாள். போனது போனதுதான். மறுபடி தொடங்கலாம் என்றால், எந்தச் சொற்கள் வராமல் நின்றன என்று யாருக்குத் தெரியும்? வராத சொற்களை அவளால் எப்படிச் சொல்ல முடியும்? கூடவே வாழ்ந்த எனக்கு ஒன்றுகூடத் தெரியவில்லை.

இல்லை, ஒன்று தெரியும்.

மகள் கிளம்பிய பிறகு, சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருக்கும் கொடியிலிருந்து ஒரு பச்சைக் கொத்தைக் கிள்ளி வந்து, அவள் முன்னால் மேசைமேல் வைத்தேன். எதிரே உட்கார்ந்தேன். அவள் அதைக் கையில் எடுத்தாள். மணிகளைத் தடவினாள், முகர்ந்தாள். உதடு குவிந்தது, பிரிந்தது. என் நாக்கு நுனியில் அந்தச் சொல் துடித்துக்கொண்டிருந்தது.

அவள் என்னைப் பார்த்துவிட்டாள். "சொல்லிராதீங்க," என்றாள், எங்கும் நிற்காமல்.

நான் சொல்லவில்லை. ஜன்னலுக்கு வெளியே காப்பிச் செடிகள் பனிக்குள் மறைந்தன. சாயங்கால பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வளைவில் திரும்பிப் போயிற்று. அன்று அந்தச் சொல் வரவில்லை. நானும் எழுந்துபோகவில்லை.