பெரியப்பா என்று கூப்பிட்டேன்

பேத்திக்கு மை செய்ய என் மனைவி விளக்கெண்ணெய்த் திரியை எரித்து, மேலே பித்தளைத் தட்டைக் கவிழ்த்திருந்தாள். அந்தப் புகை வாசத்தில் அப்பாவின் மீசை ஞாபகம் வந்தது.

அப்போது உலகச் சண்டை நடந்த காலம். நான் நான்காவது படித்தேன். பாப்பாரப்பட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் புறப்படும்போது அப்பா நரைத்த மீசையில் இதே மையைத் தடவிக்கொண்டார். அவர் கூலிக்கு மாட்டுவண்டி ஓட்டினார். அவருடைய தம்பி, என் சித்தப்பா, காட்டிலாகாவில் கார்டு. கல்யாணத்துக்கும் காக்கி உடுப்பில்தான் வருவார்.

பந்தியில் மூவரும் வரிசையாக உட்கார்ந்தோம். எங்களை அறியாத பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் அப்பாவிடம் கேட்டார்.

"கார்டு ஐயாவுக்கு நீங்க அண்ணனுங்களா? என்ன பண்றீங்க?"

"ஊரான் வண்டி ஓட்டறனுங்க. அவருதான் மூத்தவரு. நான் சின்னவனுங்க."

"அப்ப செரி, வயசு கெடக்குது. முன்னுக்கு வந்துருவீங்க!"

சித்தப்பா மறுத்துவிடுவாரோ என்று அப்பாவின் கை சோற்றிலேயே நின்றது. சித்தப்பா இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அப்படியே என்னிடம், "பாயசம் வேணுமாடா?" என்றார்.

அப்பா என்னையே பார்த்தார்.

"வேணாங்க பெரியப்பா," என்றேன்.

அப்பா மெல்லச் சாப்பிட ஆரம்பித்தார். அதன்பின் சித்தப்பாவை நான் வேறு முறை சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

அப்பா போய் வெகுகாலம் ஆகிறது. எனக்கும் சொந்த வண்டி அமையவில்லை. போன ஐப்பசியில் சித்தப்பாவும் போனார். இழவு வீட்டு வாசலில் யாரோ, "நீங்க யாருங்க? எங்க வேலை?" என்று கேட்டார்கள்.

"அவரு தம்பி மவனுங்க," என்று மட்டும் சொன்னேன்.