அடித்துச் செய்த இரும்பும் அவர் வலது கையும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சாரல் பிடித்துக்கொண்ட நாள். செங்கோட்டையிலிருந்து தாமஸ் சார் காரில் வந்து இறங்கினார். பின்சீட்டிலிருந்து நீளமான ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் ஹாலில் வைத்தார்.

"திறந்து பாரும் சார்!" என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

என் வீட்டுக்காரர் திறந்தார். உள்ளே பளபளவென்று ஒரு புது கோல்ஃப் செட். ஒரு மட்டையைப் பாதி உருவினார். அதன் தலையைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். திரும்ப உள்ளே வைத்துப் பெட்டியை மூடினார்.

"எனக்கு வேண்டாம் சார். எடுத்துட்டுப் போயிருங்க."

அவ்வளவுதான். உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். தாமஸ் சார் என்னைப் பார்த்தார். நான் அடுப்பில் பொங்கும் டீயைப் பார்த்தேன். "சாரமில்ல சிஸ்டர்" என்று, பரவாயில்லை என்பதை மலையாளத்தில் முணுமுணுத்துவிட்டு, பெட்டியை அங்கேயே போட்டுவிட்டு, டீ குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

டீ குடிக்காமல்! எங்கள் தென்காசிப் பக்கம் இதற்கு என்ன அர்த்தம் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

அறுபதைத் தாண்டிய இரண்டு பேர், எல்கேஜி பிள்ளைகள் மாதிரி 'டூ' விட்டுக்கொள்ளும் அளவுக்கு ஒரு கோல்ஃப் செட்டில் என்னதான் இருக்கிறது? சொல்கிறேன்...

இந்தப் பத்தியை வாராவாரம் வாசிப்பவர்களுக்கு என் வீட்டுக்காரர் சங்கரபாண்டியனைத் தெரியும். புதிதாக வருபவர்களுக்காக — ராணுவத்தில் சிப்பாயாகச் சேர்ந்து, சுபேதாராக வெளியே வந்த மனிதர். மலை ஊர் ஒன்றில் இருந்த ராணுவ முகாமில்தான் கோல்ஃப் அவரைப் பிடித்தது. ஊரெல்லாம் ஓய்வு பெற்ற பிறகு தோட்டம், துரவு, கோயில் கமிட்டி என்று போகும். இவர் ஒரு பையில் இரும்பு மட்டைகளைப் போட்டுக்கொண்டு வந்து இறங்கினார். தென்காசியில் கோல்ஃப் மைதானம் ஏது? மாதம் ஒருமுறை ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டித் திருவனந்தபுரம் போய் ஆடிவிட்டு வருவார்.

கூடப் போகிறவர் தாமஸ் சார். செங்கோட்டைக்காரர். வளைகுடாவில் இன்ஜினீயராக இருந்தவர். அங்கே மணல் மைதானத்தில் ஆடிப் பழகியவர். பேச்சில் பாதி தமிழ், பாதி மலையாளம். இரண்டு பேரும் ரயில்வே ஸ்டேஷனில் தற்செயலாகச் சந்தித்து, ஒருவர் பையை ஒருவர் பார்த்து நண்பர்களானவர்கள்.

நண்பர்கள் என்றால்... சண்டைக்கார நண்பர்கள். சண்டை எதைப் பற்றி? இரும்பைப் பற்றி.

நான் கோல்ஃப் ஆடினவள் இல்லை. அவர்களோடு போகும்போது காரின் பின்சீட்டில் உட்கார்ந்து காதில் விழுந்ததை வைத்துச் சொல்கிறேன். கோல்ஃபில் இரும்புத் தலை வைத்த மட்டைக்கு 'அயர்ன்' என்று பெயர். அதில் இரண்டு ஜாதி. உருக்கிய இரும்பை அச்சில் ஊற்றி எடுத்தால் அது காஸ்ட். இரும்புக் கட்டியைக் காய்ச்சி, அடித்து அடித்து உருவாக்கினால் அது ஃபோர்ஜ்டு. தாமஸ் சார் வைத்திருப்பது முதல் ஜாதி. பின்பக்கம் குழிவாக இருக்கும். பந்து ஓரத்தில் பட்டால்கூட ஏதோ ஒரு மாதிரி போய்விடும். கைக்கும் பெரிதாக ஒன்றும் தெரியாது.

எங்கள் வீட்டுக்காரருடையது ஃபோர்ஜ்டு. மாற்றலாகிப் போன ஒரு அதிகாரியிடம் வாங்கியது. தலை கத்தி மாதிரி மெலிசு. நடுவில் பட்டால் வெண்ணெயைத் தொட்ட மாதிரி இருக்குமாம். கொஞ்சம் தள்ளிப் பட்டால்? தேள் கொட்டின மாதிரி முழங்கை வரைக்கும் சுரீர் என்று ஏறுமாம்.

"காசு கொடுத்து தேள் வாங்கின ஒரே ஆள் நீர்தான்" என்பார் தாமஸ் சார்.

"தப்பா அடிச்சா தப்புன்னு கைக்குத் தெரியணும் சார். உம்ம மட்டை உமக்குப் பொய் சொல்லுது" என்பார் இவர்.

கணவாயின் ஒவ்வொரு வளைவிலும் இதே பேச்சு. கடைசியில் இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே ஸ்கோர்தான் எடுப்பார்கள் என்பது வேறு விஷயம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தது — தை மாதம் ஒரு காலை வரைக்கும்.

காபி கொடுத்தேன். வாங்கினார். டம்ளர் அவர் கையிலிருந்து அப்படியே நழுவி விழுந்தது. "என்னங்க?" என்று திரும்பினேன். பதில் சொல்ல வாயைத் திறந்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணியது. சொல் வரவில்லை.

பக்கவாதம். உடனே காரை எடுத்துக்கொண்டு ஓடி வந்தவர் தாமஸ் சார்தான். திருநெல்வேலி ஆஸ்பத்திரி வரைக்கும் எங்கும் நிறுத்தாமல் ஓட்டினார். நேரத்துக்குக் கொண்டு வந்துவிட்டீர்கள் என்றார் டாக்டர். அந்த ஒரு வாக்கியத்துக்காகத் தாமஸ் சாருக்கு நான் ஏழு ஜென்மத்துக்கும் டீ போட்டுக் கொடுக்கலாம்.

பேச்சு திரும்பியது. கால் திரும்பியது. கையும் அசைந்தது. ஆனால் வலது உள்ளங்கையில் உணர்ச்சி மட்டும் வரவில்லை. சுடச்சுட டம்ளரைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பார். நான் பதறிப்போய்ப் பிடுங்குவேன். பண்பொழி மலை முருகன் கோயிலுக்குப் போயிருந்தோம். குருக்கள் விபூதி போட்டார். இவர் குனிந்து உள்ளங்கையை உற்றுப் பார்த்தார். விபூதி விழுந்ததா இல்லையா என்று கண்ணால் பார்த்தால்தான் தெரியும்!

பிசியோதெரபிஸ்ட் ஃபாத்திமா வாரம் இரண்டு நாள் வீட்டுக்கு வருவாள். கிண்ணத்து அரிசிக்குள் சாவி, பொத்தான், கோலிக்குண்டு என்று புதைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு எடுக்கச் சொல்வாள். எல்லைக்காவல் பார்த்த எங்கள் சுபேதார், ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்துத் திருட்டுத்தனம் செய்வார்.

"மாமா, கண்ணை மூடுங்க. நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"மூடித்தாம்மா இருக்கேன். நீ எதுக்குச் சிரிக்கே?"

"அப்ப நான் சிரிக்கது எப்படித் தெரிஞ்சுது?"

உணர்ச்சி வரலாம், வராமலும் போகலாம், முயற்சியை விடாதீர்கள் என்றார் டாக்டர். மெதுவாக கோல்ஃப் ஆடலாம் என்றும் சொல்லிவிட்டார். இவர்தான் ஆடப் போகவில்லை. ஆனால் சாரல் ஈரத்தில் துருப்பிடித்துவிடக் கூடாது என்று, சாயங்காலமானால் அந்த மட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து எண்ணெய்த் துணியால் துடைப்பார். துடைத்து உள்ளே வைப்பார். அதோடு சரி.

அந்த நேரத்தில்தான் தாமஸ் சார் புது காஸ்ட் செட்டோடு வந்து நின்றார். இப்போது புரிகிறதா?

"அவரு அன்பாத்தான கொண்டு வந்தாரு? முகத்துல அடிச்ச மாதிரி பேசலாமா?" என்று கேட்டேன்.

சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: "ஏட்டி, நான் இனிமே அந்த மட்டைக்கு லாயக்கில்லன்னு அவரே முடிவு பண்ணிட்டாரு. வேற எவன் சொன்னாலும் கவலையில்ல. அவரு சொல்லுதாரே..."

அடுத்த சில நாள் இரண்டு பேர் போனும் பேசாமல் கிடந்தன. பொறுத்துப் பார்த்துவிட்டு நானே தாமஸ் சாரைக் கூப்பிட்டேன்.

"சிஸ்டர், ஞான் என்ன தப்பு செஞ்சேன்? அவரு பழைய மட்டைய எடுத்து அடிச்சு, அந்தக் கை நோகக் கூடாதுன்னுதான வாங்கினேன்? இந்த மட்டைல அதிர்ச்சியே வராது. நோகவே நோகாது."

யோசிக்காமல் என் வாயிலிருந்து வந்தது: "சார், அவருக்கு நோகலைங்கறதுதான சார் வியாதியே?"

தாமஸ் சார் மெல்லக் கேட்டார்.

"சிஸ்டர்... மேலகரத்துல உங்க தோப்புக்குப் பக்கத்துல தரிசு கிடக்கில்லையா? ஞாயிற்றுக்கிழமை காலைல அவரக் கூட்டிட்டு வர முடியுமா? பழைய பையோட."

கூட்டிக்கொண்டு போனேன். தென்னைக்கு மருந்து வைக்க வேண்டும் என்று ஒரு பொய். பையை டிக்கியில் போட்டதை அவர் பார்த்தார். பார்க்காத மாதிரி இருந்துகொண்டார். முப்பது வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்திய எனக்கு அது தெரியாதா?

தோப்பு வாசலில் தாமஸ் சார் நின்றார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், தோப்பில் மேய்ந்த மயில்களில் ஆளுக்கொன்றைப் பார்த்தார்கள். நான் குடையை விரித்து, பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு நடுவில் உட்கார்ந்தேன்.

"சிஸ்டர், அவரக் கொஞ்சம் தளர்வாப் பிடிக்கச் சொல்லுங்க."

"எனக்குப் பிடிக்கத் தெரியும்னு அவருகிட்ட சொல்லு."

முதல் அடி காற்றில் போனது. இரண்டாவது, பந்துக்கு முன்னால் மண்ணைப் பெயர்த்தது. அடுத்து ஒன்று உருண்டு போய்த் தென்னை மூட்டில் நின்றது. அவர் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. போதும், வீட்டுக்குப் போகலாம் என்று எழுந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். தாமஸ் சார் அசையவில்லை. குனிந்து அடுத்த பந்தை வைத்தார். திரும்பவும் வைத்தார்.

அப்புறம் ஒரு அடி. 'ணங்'கென்று ஒரு கெட்ட சத்தம். பந்து மட்டையின் நுனியில் பட்டுக் குறுக்கே ஓடியது. மட்டை கீழே விழுந்தது. அவர் வலது கையை உதறினார். உதறிவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

குடையைப் போட்டுவிட்டு ஓடினேன். மறுபடியுமா? முருகா, மறுபடியுமா?

"என்னங்க! என்ன செய்யுது? பேசுங்க!"

நிமிர்ந்து பார்த்தார். கண் இரண்டிலும் தண்ணீர்.

"வலிக்குது ஏட்டி."

"எங்க? நெஞ்சிலயா?"

"கைலட்டி! இந்தக் கைல... இங்கன, பெருவிரல் மூட்டுல... சுரீர்னுட்டு!"

தாமஸ் சார் பக்கத்தில் வந்து மண்டியிட்டார். அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். "சத்தியமாயிட்டும்?" என்று கேட்டார். அதுதான் இத்தனை நாளுக்குப் பிறகு அவர் நேராகப் பேசிய முதல் வார்த்தை.

"சத்தியமா சார். தேள்தான். அதே தேள்!"

பிறகு நடந்ததுதான் கூத்து. மறுபடியும் வலிக்க வேண்டுமே... வேண்டுமென்றே தப்பாக அடிக்கப் பார்த்தார். அதற்குள் பழைய பழக்கம் கைக்கு ஞாபகம் வந்துவிட்டதோ என்னவோ, பந்து மட்டையின் நட்டநடுவில் பட்டு, தென்னைகளுக்கு மேலே ஏறி, பக்கத்து வயலில் போய் விழுந்தது. ராணுவத்தில் ஆடிய காலத்தில்கூட அப்படி ஒரு அடி அடித்திருக்க மாட்டார்.

"சே! நல்லாப் பட்டுட்டு" என்று தலையில் கையை வைத்தார்.

தாமஸ் சார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இவரும் சிரித்தார். நான் மட்டும் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சாரல் வேறு... யாருக்கும் தெரியவில்லை.

ஃபாத்திமாவிடம் சொன்னபோது அவள் துள்ளவெல்லாம் இல்லை. நிதானமான பெண். "நரம்பு உள்ளுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா திரும்பிக்கிட்டே இருந்திருக்கும் மாமி. அன்னைக்குப் பெரிய அதிர்ச்சி போனதுல அவங்களுக்கே தெரிஞ்சிருக்கு. மட்டையால மட்டும் வந்துதுன்னு எழுதிராதீங்க" என்றாள். அதனால் எழுதவில்லை. இன்றைக்கும் முழு உணர்ச்சி வந்துவிடவில்லை. பெருவிரல், ஆள்காட்டி விரல் பக்கம் நன்றாகத் தெரிகிறது. சுண்டு விரல் இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. ஆனால் அரிசிக் கிண்ணத்தில் சாவியை இப்போது இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு எடுக்கிறார்.

அந்தப் புது செட்? திருப்பித் தரக் கூடாது என்று தாமஸ் சார் உத்தரவு. சும்மா கிடப்பானேன் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அடித்துப் பார்க்கிறேன். எங்கே பட்டாலும் போகிறது. எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. வீட்டில் இதை உரக்கச் சொல்வதில்லை.

ஒன்று நினைத்துப் பார்க்கிறேன். நமக்கு வேண்டியவர்களுக்கு ஒரு முள்கூடக் குத்தக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்கிறோம். பாதையில் பஞ்சு விரிக்கிறோம். தப்பில்லை. ஆனால் அவர்களுக்கு என்ன வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்கிறோமா? தாமஸ் சார் அன்பில் எந்தக் குறையும் இல்லை. தோப்பில் திரும்பத் திரும்பக் குனிந்து பந்து வைத்தாரே, அதுவும் அதே அன்புதான். இரண்டாவது கொஞ்சம் கஷ்டமான அன்பு.

போன வாரம் குற்றாலம் போனோம். அருவியில் நல்ல தண்ணீர், நல்ல கூட்டம். குளித்துவிட்டு வரும்போது பாறைப் படி வழுக்கியது. என் கையை எட்டிப் பிடித்துக்கொண்டார். வலது கையால். இரண்டு படி இறங்கியிருப்போம். சட்டென்று நின்றார். விரலால் என் உள்ளங்கையை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"ஏட்டி, உன் கை என்ன இப்படிச் சொரசொரன்னு இருக்கு?"

இத்தனை வருஷக் கல்யாண வாழ்க்கையில் இந்த மனிதர் என்னிடம் இதைவிட இனிப்பாக ஒரு வார்த்தை பேசியதில்லை.