மீசை எடுத்த ஏட்டு

வலது கை மேலே போகிறது, இறங்குகிறது, மறுபடி போகிறது. நெடுஞ்சாலையை அகலப்படுத்தும் இடத்தில், ஆரஞ்சுக் கூம்புகளின் வரிசைக்கு முன்னால், காலை ஏழு மணிக்குத் தொடங்கிய கை அது. மூக்கைச் சொறிவதென்றாலும் இடது கைதான். "இறக்கிட்டா நானும் பலகையாயிடுவேன்" என்பார் ஏட்டு.

பலகையின் கதை இதுதான். போலீஸ் நின்றால்தான் வண்டிகள் வேகம் குறையும். நிற்கவோ ஆள் இல்லை. ஆளுயர ஒட்டுப்பலகையில் ஒரு போலீஸை வரைந்து நட்டார்கள். வரைந்தவன் முன்னால் ஒரு பகல் முழுக்க மூச்சடக்கி நின்று கொடுத்தவர் நம் ஏட்டுதான். அந்த அரிவாள் மீசை அப்படியே வந்திருந்தது. முதல் வாரம் வண்டிகள் பூனையாய் ஊர்ந்தன. லாரிக்காரர் ஒருவர் இறங்கி வந்து, லைசென்ஸை நீட்டியபடி அரை மணி நேரம் பலகையிடம் கெஞ்சினாராம்! இரண்டாம் வாரம் அதன் தொப்பிமேல் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. அதோடு சாயம் வெளுத்துவிட்டது.

மூன்றாம் மாதம், தார் ஊற்றிக்கொண்டிருந்த ஒருவனைக் கார் அடித்து எறிந்தது. பிறகுதான் பலகையைப் பிடுங்கிவிட்டு உயிருள்ள ஏட்டை அனுப்பினார்கள். அனுப்பி என்ன? அதே முகம், அதே மீசை. பறந்து போன ஒரு காரின் ஜன்னலிலிருந்து குரல் வந்தது: "பாருடா, பொம்மைக்குப் புதுப் பெயின்ட்!"

அன்று சாயங்காலமே சலூனில் மீசையை இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்த மனைவி, "யாருங்க வேணும்? அவரு டியூட்டிக்குப் போயிருக்காரு" என்றாள். சொல்லிவிட்டு அவர் கண்ணைப் பார்த்தவள், சிரிப்பை அப்படியே விழுங்கிக்கொண்டாள்.

மீசை போயும் வண்டிகளின் வேகம் குறையவில்லை. மிஞ்சியது கை ஒன்றுதான். அது ஆடினால் பத்தில் இரண்டு வண்டி நிதானிக்கிறது. அவருக்குப் பத்தடி பின்னால் சிவப்புக் கொடியோடு நிற்பவள் செத்தவனின் மனைவி. நஷ்டஈடாக அவளுக்குக் கிடைத்தது அந்தக் கொடி.

"கை வலிக்கலையா ஏட்டய்யா?"

"கழண்டு விழுந்தா சொல்றேன், எடுத்துக் குடும்மா."

ஏட்டு நிற்க வேண்டிய இடத்தில் சுண்ணாம்பு வட்டம் போட்டிருக்கிறார்கள். அதைத் தாண்டினால் உயிருக்கு யாரும் பொறுப்பில்லை என்பது உத்தரவு.

இன்று மதியம் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. இடது கையால் எடுத்தார். "சரிங்கய்யா... சரிங்கய்யா..." நாளை முதல் அவருக்கு வேறிடம். பலகை இங்கே திரும்பி வருகிறது.

"நாளைக்கும் நீங்கதானேய்யா?" என்றாள் கொடிக்காரி.

எதிரே ஒரு லாரி, வந்த வேகத்திலேயே வந்துகொண்டிருந்தது. ஏட்டு விசிலை வாயில் வைத்தார்; சுண்ணாம்பு வட்டத்தைத் தாண்டி ரோட்டுக்குள் ஓர் அடி எடுத்து வைத்து, இரண்டு கைகளையும் தூக்கினார்.