தணிகாசலம் வண்டியின் பின்கண்ணாடி

தை மாதத்து வெள்ளிக்கிழமை காலை, கடைக்குக் கிளம்பிச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. உரக்கடை தணிகாசலத்தின் மகன் முத்துக்குமரன் பேசினான். "சித்தப்பா, அப்பா போயிட்டாரு" என்றான். எப்படி என்று கேட்டேன். "பேப்பர் படிச்சிகினு இருந்தாரு. மடிச்சி வெச்சாரு. அவ்ளோதான் சித்தப்பா."

இதைப் படிக்கும் நீங்கள் எல்லோரும் அவரை அறிந்தவர்கள். என்னையும் அறிந்தவர்கள். ஆகவே மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, பொறாமை. உலகத்தில் கோடானுகோடி ஜனங்கள் ஊசி, மாத்திரை, குழாய் என்று மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு கிடக்க, இந்த மனிதர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதுவும் கடைசிப் பக்கம் வரை படித்து முடித்துவிட்டு. அழுகை வந்தது உண்மைதான். வரிசையில் அது இரண்டாவதாக நின்றது.

ஊர்வலத்தின் தலை சுடுகாட்டை எட்டியபோது அதன் வால் பாகூர் கடைத்தெருவை விட்டே கிளம்பவில்லை. கரையாம்புத்தூரிலிருந்து வந்தவர்களை மட்டும் கைகோத்து நிறுத்தியிருந்தால் ஏரிக்கரையை இரண்டு சுற்று வந்திருப்பார்கள். நடுவில் நடந்த நான், எனக்கு இதில் பாதியாவது வருமா என்று தலைகளை எண்ணிக்கொண்டே போனேன். பக்கத்தில் வந்த டீக்கடை ஏழுமலை காதோரம் குனிந்தான். "இன்னா சித்தப்பா, உனுக்கு எவ்ளோ வரும்னு பாக்கறியா? மழ இல்லன்னா நான் வரேன்."

முப்பது வருடம் எதிரெதிர்க் கடை எங்களுக்கு. அவருக்கு உரமும் விதையும், எனக்கு பெயிண்டும் ஆணியும். என்னைவிட இரண்டு வயது மூத்தவர் என்பதால் அவரை அண்ணே என்று கூப்பிட வேண்டியிருந்தது. அந்த இரண்டு வயதைக்கூட அவர் வேண்டுமென்றே முந்திப் பிறந்து சம்பாதித்தார் என்பதே என் கருத்து. ஊரில் திரும்பிய பக்கமெல்லாம் அவர் பெயர். கோயில் மண்டபத்தில் மின்விசிறி, உபயம் தணிகாசலம். பேருந்து நிற்குமிடத்தில் தண்ணீர்த் தொட்டி, உபயம் தணிகாசலம். கல்யாண மண்டபத்துச் சுவர்க் கடிகாரத்தில் மணி தெரிவதற்கு முன் அவர் பெயர் தெரியும். நானும் ஒருமுறை கோயிலுக்கு ஒரு மின்விசிறி வாங்கிக் கொடுத்தேன். அதைக் கொண்டுபோய் மடப்பள்ளியில் மாட்டினார்கள். ஒரே மாதத்துப் புளியோதரைப் புகையில் கோவிந்தராசு என்ற பெயர் கறுத்துப்போனது.

இதைப் பற்றி அவரிடம் புலம்பியிருக்கிறேன். அவர் சொல்வார்: "குடுக்கறத தெரியிற மாதிரி குடுக்கணும்பா. அப்பதான் அடுத்தவனுக்கு வயிறு எரியும். எரிஞ்சாதான் அவனும் குடுப்பான்." இதை ஏதோ பேச்சுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். நாலு பேர் பார்க்கும் இடத்தில், அவர் பெயர் இல்லாத ஒரு பொருளில், என் பெயர் இருக்க வேண்டும். மின்விசிறி கறுத்த அன்றிலிருந்து என் வாழ்க்கையின் மாபெரும் லட்சியம் இதுவே.

இரண்டு வருடங்களுக்கு முன் மார்ச் மாதத்தில் அவர் தன் பழைய வெள்ளைக் காரைத் தானம் செய்யப்போவதாக அறிவித்தார். வில்லியனூர்ப் பக்கம் ஓய்வுபெற்ற நர்ஸ் ஸ்டெல்லா சிஸ்டர் நடத்தும் இல்லத்தை உங்களுக்குத் தெரியும். சிறுநீரகம் கெட்டுப்போன ஏழைகளை வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்கு டவுனுக்கு அழைத்துப் போய்க் கூட்டிவருகிறார். அப்போதெல்லாம் ஆட்டோதான். சொந்த வண்டி இல்லை. "வருசக் கடைசிக்குள்ள வண்டிய குடுத்துட்டா வரியிலயும் கழிஞ்சிடும்" என்று வணிகர் சங்கக் கூட்டத்தில் தணிகாசலம் சொன்னபோது கைதட்டல் கடலூர் வரை கேட்டது. மறுநாள் கார் கழுவப்பட்டு, பொட்டு வைக்கப்பட்டு, ஆளுயர மாலையோடு அவர் கடை வாசலில் நின்றது. கல்யாண மாப்பிள்ளைகூட அவ்வளவு திமிராக நின்று நான் பார்த்ததில்லை.

அப்போதுதான் அவருடைய ஆடிட்டர் கூப்பிட்டார். தணிகாசலத்துக்குக் காது சற்று மந்தம், எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். தெருவே கேட்டது. "சார், பொருளா குடுத்தா கழிவு கிடையாது. காரா இருந்தாலும் சரி, அரிசியா இருந்தாலும் சரி. பணமா, செக்கா குடுத்தாதான் கணக்கு. வேணும்னா வண்டிய வித்துட்டு அந்தப் பணத்த குடுங்க."

அந்த நிமிடம் என் நெஞ்சில் எழுந்த ஆனந்தத்தை விவரிக்கத் தமிழில் இன்னும் நூறு எழுத்துகள் வேண்டும். உடனே ஒரு கிலோ ஜாங்கிரி வாங்கிவந்து தெருவுக்கே கொடுத்தேன். என்ன விசேஷம் என்று கேட்டவர்களுக்கு எதையோ சொல்லி மழுப்பினேன்.

அரைமணி நேரத்தில் தணிகாசலமே தெருவைக் கடந்து வந்து என் கடையில் உட்கார்ந்தார்.

"இன்னா கோவிந்து, ஊருக்கே ஸ்வீட்டு குடுத்தியாமே. எனுக்கு இல்லியா?"

"பேத்தி பாஸாயிட்டாண்ணே" என்றேன்.

"உன் பேத்தி இன்னும் இஸ்கூலுக்கே போவலியே."

ஒரு ஜாங்கிரியை எடுத்துத் தின்று, விரலைத் துடைத்துக்கொண்டார். முகத்தில் வருத்தம் துளியும் இல்லை. "வண்டிய வித்துடப் போறம்பா. கரையாம்புத்தூர் ரைஸ்மில்லு ஓனரு கேக்கறாரு."

"எவ்ளோக்குண்ணே?"

"அது எதுக்கு உனுக்கு? உனுக்கு ஸ்கூட்டர் போதும். இதெல்லாம் பெரிய வண்டி. தாங்க மாட்ட."

தொகையைச் சொல்ல வைத்தேன். அதற்கு மேல் பத்தாயிரம் தருகிறேன் என்று என் வாய் சொன்னது. நான் சொல்லவில்லை, வாய்தான் சொன்னது. இரண்டே நாளில் என் பணம் அவர் கணக்குக்குப் போய், அவர் பெயரில் செக்காகி, ஸ்டெல்லா சிஸ்டரின் கைக்குப் போனது. முழுத் தொகையையும் கொடுத்தார், அதையும் சொல்லியாக வேண்டும். அன்று எடுத்த போட்டோவில் அவரும் சிஸ்டரும் செக்கைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். ஓரத்தில் ஒரு காது தெரிகிறதே, அது நான்.

போகட்டும், கார் என்னுடையதாயிற்று என்று தேற்றிக்கொண்டேன். அதிலும் மண். காரைப் பார்த்துத் தூரத்திலேயே கையைத் தூக்குவார்கள், கிட்டே வந்ததும் என் முகத்தைப் பார்த்துக் கையை இறக்கித் தலையைச் சொறிவார்கள். செல்லிப்பட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். "தணிகாசலம் வந்துட்டாரு" என்று உள்ளே ஒரு குரல் ஓடியது. நாதஸ்வரக்காரர் எழுந்தே விட்டார். நான் கதவைத் திறந்து இறங்கியதும், பன்னீர்ச் செம்போடு ஓடிவந்த பெண் அப்படியே நின்று, "பெயிண்டு கடக்காரருடி" என்று பின்னால் பார்த்துச் சொன்னாள். என் மனைவி பூங்கோதை திரும்பிவரும் வழியெல்லாம் சிரித்தாள். "அவரு சட்டையும் நாலு கேட்டு வாங்கிக்க வேண்டியதுதான. பொருத்தமா இருக்கும்" என்றாள்.

அன்றுதான் எனக்கு அந்த மகத்தான யோசனை பிறந்தது. தணிகாசலம் கொடுத்தது வெறும் செக். செக்கில் உபயம் எழுத முடியாது. காருக்கோ எவ்வளவு பெரிய பின்கண்ணாடி. அதே காரை அதே இல்லத்துக்கு நான் கொடுத்தால்? வரியில் ஒரு பைசா கழியாது. எனக்குத் தெரியும், ஸ்பீக்கர் புண்ணியத்தில் ஊருக்கே தெரியும். இருந்தாலும் பரவாயில்லை. உலகத்துக் கொடைவள்ளல்கள் எல்லாம் நாற்காலியை நகர்த்தி எனக்கு இடம் விடும் ஓசை காதில் விழுந்தது. வில்லியனூர் ஸ்டிக்கர் கடையில், 'உபயம்: பாகூர் கோவிந்தராசு' என்று கண்ணாடியின் அடிப்பாதி முழுக்க ஒட்டவைத்து, ஜூன் மாதத்தில் நானே ஓட்டிக்கொண்டு போனேன்.

இல்லத்து வாசலில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் எழுந்து வந்து சாவிக்குக் கை நீட்டினார்.

"யாருப்பா நீ?"

"டிரைவர் சார். ஏப்ரல்லயே வேலைக்கு வெச்சாங்க. வண்டி வரும், இருன்னாங்க. அதுவரைக்கும் தோட்டத்துக்குத் தண்ணி ஊத்திகினு இருந்தேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஸ்டெல்லா சிஸ்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தார். "தணிகாசலம் சார் செக் குடுத்தப்பவே சொல்லிட்டாருங்க. இந்தப் பணத்த டிரைவர் சம்பளத்துக்கும் டீசலுக்கும் வெச்சுக்கங்க சிஸ்டர், மூணு மாசத்துக்குள்ள கோவிந்து வண்டிய தானா கொண்டாந்து விடுவான்னாரு. கண்ணாடிய மட்டும் அவருக்கு விட்ருங்கன்னும் சொன்னாரு."

பஸ் பிடித்து நேரே உரக்கடைக்குப் போனேன். வழியெல்லாம் என் தலையிலிருந்து வந்த புகையில் கண்டக்டருக்குக் கண் எரிந்திருக்கும். தணிகாசலம் விதைப் பாக்கெட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏண்ணே, என்ன வெச்சிதான் தானமே பண்ணியா?"

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மழைய நம்பி வெத விக்கிறேன், அது ஏமாத்திடுது. உன் வயித்தெரிச்சல் ஒரு தடவகூட என்ன ஏமாத்தினதில்லப்பா." பிறகு திரும்பி, விரலை மடக்கினார். "கழிவு எனுக்கு. கண்ணாடி உனுக்கு. வண்டி அவங்களுக்கு. இதுல யாருக்கு இன்னா கொறச்சல், சொல்லு."

ஒரு குறையும் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பதினோரு நாள் அவரோடு பேசாமல் இருந்தேன். பன்னிரண்டாம் நாள் அவரே தெருவுக்கு நடுவில் நின்று கூப்பிட்டார். "கோவிந்து, சீக்கிரம் வாயா. உன் பேரு போவுது பாரு." பாகூரில் ஒரு நோயாளியை ஏற்றிக்கொண்டு அந்தக் கார் போய்க்கொண்டிருந்தது. அது முனை திரும்பும் வரை இருவரும் நின்று பார்த்தோம். எனக்கு உடம்பு ஒரு சுற்று பெருத்துவிட்டது. அவருக்கும் அப்படித்தான் இருந்ததோ என்னவோ, அன்று டீக்கு அவர்தான் காசு கொடுத்தார்.

ஆனாலும் விதி இருக்கிறதே. எட்டாள் உயரத்துக்கு என் பெயரை எழுதி ஒட்டியும், நோயாளிகள் அதைத் தணிகாசலம் வண்டி என்றேதான் சொன்னார்கள். ஸ்டெல்லா சிஸ்டருக்குப் போன் செய்து, "தணிகாசலம் வண்டி கெளம்பிடுச்சா?" என்று கேட்பார்கள். இந்த இரண்டு வருடமும் அப்படியேதான் போனது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ஸ்டெல்லா சிஸ்டர் அந்தக் காரில்தான் வந்தார். சாப்பாடு முடிந்ததும் என்னைத் தனியாக அழைத்தார்.

"எங்க பேஷண்ட்ஸ் எல்லாம் தணிகாசலம் சார் பேரையும் கண்ணாடியில எழுதணும்னு கேக்கறாங்க. ஆனா வண்டி உங்க உபயம். வேணாம்னு சொன்னீங்கன்னா யாருக்கும் தெரியாது, நான் சமாளிச்சுக்குவேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மூன்று நாள் யோசித்தேன். முப்பது வருடத்தில் முதல்முறையாக ஜெயிக்கும் இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் ஊரில் அவர் பெயர் இல்லாமல் என் பெயர் மட்டும் உள்ள ஒரே பொருள் அந்தக் கண்ணாடி. வேண்டாம் என்று ஒரு வார்த்தை போதும். அவர் தெருவைக் கடந்து வந்து ஜாங்கிரி கேட்கப் போவதில்லை. எதிர்க்கடையை முத்துக்குமரன் திறக்கிறான், நல்ல பையன், பணிவாகப் பேசுகிறான். அவனைப் பார்த்து எனக்கு எரிச்சலே வரவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

நாலாம் நாள் டிரைவரை வரச்சொல்லி, வில்லியனூரில் அதே ஸ்டிக்கர் கடைக்குப் போனேன்.

"என் பேருக்கு மேல அவர் பேர போடுப்பா" என்றேன்.

கடைக்காரர் ஸ்கேலை வைத்து அளந்தார். "ரெண்டும் ஒரே சைஸா சார்?"

"இல்ல. அவர் பேரு அர இஞ்ச் சின்னதா இருக்கட்டும்."

"அர இஞ்ச்தான? தூரத்துலேந்து பாத்தா யாருக்கு சார் தெரியப் போவுது?"

"அவருக்குத் தெரியும்" என்றேன்.

இனி அந்தக் கார் உங்கள் ஊர்ப் பக்கம் வந்தால் நின்று பாருங்கள். மேலே தணிகாசலம், கீழே கோவிந்தராசு. நோயாளிகள் தங்கள் விருப்பப்படி என்ன பெயரிட்டு வேண்டுமானாலும் அழைக்கட்டும். அவருடைய புகழ், கூட்டம், நல்ல சாவு எதிலும் எனக்குப் பங்கு கிடையாது. அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த அரை அங்குலம். அதை நான் போகிறவரை விட்டுக்கொடுப்பதாக இல்லை.